சம்பூரணம் கேட்ட கண்ணாடி

கண்காட்சிப் படிவத்தில் அணுகுமுறை என்று ஒரு கட்டம் போட்டிருக்கிறீர்கள் சார். அதில் என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. மற்றதையெல்லாம் எழுதிவிட்டேன். பெயர் தெய்வசிகாமணி. வயது எழுபத்திரண்டு. ஊர் கோயம்புத்தூர், கணபதி. தொழில் என்ற இடத்தில், பம்ப் பவுண்டரியில் பேட்டர்ன் மேக்கர், ஓய்வு என்று போட்டேன். அதாவது வார்ப்புக்கு மரத்தில் மாதிரி செய்கிறவன். சிற்பி என்று போடச் சொல்கிறீர்கள். நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் கையெழுத்தில் இருந்தால் எனக்குக் கூச்சமாக இருக்காது.

அந்த ஸ்டூல் வேண்டாம், பிளாஸ்டர் தூள் ஒட்டும். இதில் உட்காருங்கள்.

அணுகுமுறை என்றால் எப்படிச் செய்கிறேன் என்பதுதானே. சொல்கிறேன். வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடியை உருக்குவது பெரிய வேலை இல்லை. எண்ணூற்று எண்பது டிகிரி போனால் ஜன்னல் கண்ணாடி தேன் மாதிரி ஆகிவிடும். ஆற வைப்பதுதான் வேலை. இது தெரிய எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. பவுண்டரியில் ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் உலை ஓரத்தில் உடைந்த சோடா பாட்டிலைப் போட்டுப் பார்த்தேன். பச்சையாக ஒரு கட்டி கிடைத்தது. கொஞ்சம் சூடு தணிந்ததும் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். படீரென்று நாலாகப் பிளந்தது. இதோ, இந்தத் தழும்பு. சூடு அதை உடைக்கவில்லை சார். ஆறிய வேகம் உடைத்தது. வெளித்தோல் முதலில் ஆறிவிடும். உள்ளே இன்னும் ஆறாமல் இருக்கும். இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, நன்றாகத்தான் இருக்கும்.

ஆகவே மெதுவாக ஆற வைக்க வேண்டும். நாலு விரல் கனம் என்றால் எட்டு நாள். உலையின் கதவைத் தொடக் கூடாது. நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை டிகிரி எவ்வளவு என்று நோட்டில் எழுத வேண்டும். நாற்பதுக்குக் கீழே வந்த பிறகுதான் திறக்கலாம். இதைத்தான் நான் முப்பது நாற்பது வருடமாகச் செய்கிறேன். இதை அணுகுமுறை என்று எழுதலாமா, காத்திருப்பது என்று எழுதலாமா, நீங்கள் படித்தவர், உங்களுக்குத் தெரியும்.

இன்னொன்றும் எழுதிக்கொள்ளுங்கள். நான் செய்வது எல்லாம் பள்ளம். அச்சின் அடியில் முகத்தைப் பிளாஸ்டரில் மேடாகச் செய்வேன். கண்ணாடி உருகி அதன்மேல் போர்த்திக்கொள்ளும். ஆறின பிறகு பிளாஸ்டரை உடைத்துக் கழுவினால், முகம் இருந்த இடம் கண்ணாடியின் அடியில் குழியாக இருக்கும். மேல்பக்கம் ஜன்னல் மாதிரி தட்டையாக இருக்கும், அதற்குத் தீயே மெருகு கொடுத்துவிடும். அந்த ஜன்னல் வழியாகப் பார்த்தால் குழி மேடாகத் தெரியும். நீங்கள் நகர்ந்தால் அதுவும் திரும்பும். பாருங்கள், கையில் இருப்பதை நீங்களும் திருப்பிவிட்டீர்கள். எல்லாரும் திருப்புவார்கள். திருப்பிக் குழிக்குள் விரலை விடுவார்கள். இத்தனை வருடத்தில் அப்படிச் செய்யாதவர் ஒருவர்தான், அதற்கு வருகிறேன்.

யாருடைய முகம் என்று மட்டும் கேட்காதீர்கள். நான் யாரையும் பார்த்துச் செய்வதில்லை. நெற்றி, மூக்கு, உதடு, அவ்வளவுதான். பேட்டர்ன் செய்கிறவனுக்கு அளவுதான் முக்கியம், ஆள் இல்லை.

அளவு என்றதும் ஞாபகம் வருகிறது. இரும்பு ஆறினால் சுருங்கும் அல்லவா, அதனால் எங்கள் அளவுகோலே கொஞ்சம் நீட்டமாகத்தான் இருக்கும். அதில் ஓர் அடி என்பது ஓர் அடிக்கு மேல். சம்பூரணம் அதை வைத்து ஜன்னலுக்குத் திரைச்சீலை அளந்து, துணி தப்பாகப் போய்விட்டது. அன்றிலிருந்து எதற்கெடுத்தாலும், “உங்க அளவு எப்பவுமே பெரிசுதானுங்களே” என்பாள். நான் வேலையைப் பற்றி ஏதாவது சொன்னால் போதும், அதுதான் பதில்.

சம்பூரணம் என் மனைவி. போய் ஒன்பது வருடம் ஆகிறது.

அவளைப் பற்றிச் சொல்லாமல் அடுத்த கட்டத்தை நிரப்ப முடியாது. படைப்பின் பெயர் என்று கேட்டிருக்கிறீர்களே, அது. நீங்கள் எடுத்துப்போக வந்திருக்கும் அந்த முகத்துக்கு நான் பென்சிலில் எழுதி வைத்திருக்கிறேன், படியுங்கள். ஆமாம். ‘சம்பூரணம் கேட்ட கண்ணாடி’. பென்சிலில் எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. என் மகள் பிருந்தா அந்தப் பெயர் வேண்டாம் என்கிறாள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான் என்று சொல்லிவிடலாம். ஆனால் அது பொய் என்கிறாள். அதுதான் என்னால் முடியவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். நீங்கள் வெளியாள். உங்களுக்கு எந்தப் பக்கமும் கிடையாது.

சம்பூரணத்துக்கு என் வேலையில் ஒட்டுதல் இருந்ததில்லை. விரோதமும் இல்லை. இந்த ஷெட்டுக்குள் வர மாட்டாள், அவ்வளவுதான். வாசலில் நின்று, “ஏனுங்க, உங்க ஐஸ் கட்டி இன்னும் உருகலீங்களா?” என்று கேட்பாள். சாப்பிடக் கூப்பிடுகிறாள் என்று அர்த்தம். ஒரு முறை நான் பத்து நாள் ஆற வைத்து எடுத்த ஒரு கட்டியைக் காணவில்லை. தேடினால் சமையலறையில் மாவுப் பாத்திரத்துத் தட்டின்மேல் இருக்கிறது. பூனை தட்டைத் தள்ளுகிறதாம். “கனமா இருந்துச்சு, வெச்சேன். ஏன், ஒழுகிடுமா?” என்றாள். எனக்கு இரண்டு நாள் பேச்சு வரவில்லை. அவள் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை, நான் சாதாரணமாகவே அதிகம் பேசுவதில்லை.

அவள் ஒரு முறைகூட, அதைக் காட்டுங்கள், பார்க்கிறேன் என்று கேட்டதில்லை. முப்பத்தொரு வருடம். நான் கணக்குப் பார்த்து வருத்தப்பட்டேன் என்று நினைக்காதீர்கள். சும்மா சொல்கிறேன்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால், ஆடி மாதம், இந்த முகத்தை உலையில் வைத்திருந்தேன். ஆற ஆரம்பித்து நாலாவது நாள். செவ்வாய்க்கிழமை. காலை ஆறு மணிக்கு முந்நூற்றுப் பத்து. அன்றைக்குத்தான் அவளுக்கு மூச்சு வாங்கியது. பால் காய்ச்சிக்கொண்டிருந்தவள் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நுரையீரலில் நீர் என்றார்கள், இரண்டு மூன்று நாளில் இறங்கிவிடும் என்றார்கள். ஸ்கேனுக்குக் கொண்டுபோகும்போது தோடு, வளையல், மூக்குக்கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றி ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு என் கையில் கொடுத்தார்கள். பத்து மணி டிகிரி எழுத வேண்டியிருந்ததால் நான் நேராக ஷெட்டுக்கு வந்து அந்தக் கவரை இங்கே அலமாரியில் வைத்தேன். பத்து மணிக்கு இருநூற்றுத் தொண்ணூற்றாறு.

நோட்டைக் காட்டட்டுமா? எல்லாம் இருக்கிறது. வேண்டாமா, சரி.

சம்பூரணத்தின் தங்கை இந்திராணி சிங்காநல்லூரிலிருந்து வந்து கூட இருந்தாள். நான் நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை போய்வந்துகொண்டிருந்தேன். ஆஸ்பத்திரிக்கும் ஷெட்டுக்கும். புதன்கிழமை மாலை நூற்று எழுபது. சம்பூரணம் எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டாள். “போயி அடுப்பைப் பாத்துட்டு வந்துட்டீங்களா?” என்று கேட்டாள். உலையை அடுப்பு என்றுதான் சொல்வாள். பார்த்துவிட்டேன், நாளை மறுநாள் திறப்பேன், நன்றாக வந்திருக்கும் என்று சொன்னேன். ‘ம்’ என்றாள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அவள் கேட்டதற்கு முந்தின நாள் மாலை கண்ணாடியைப் பற்றி நாங்கள் பேசியிருக்கிறோம்.

வியாழக்கிழமை காலை பத்து மணி. நான் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறேன். மூக்கில் ஆக்சிஜன் குழாய் இருக்கிறது. அவள் தலையை என் பக்கம் திருப்பி, “ஏனுங்க, கண்ணாடியக் கொண்டாங்க” என்றாள்.

இதுதான் சார். இந்த இரண்டு வார்த்தை. இதற்குத்தான் ஒன்பது வருடமாக வழக்கு நடக்கிறது.

இந்திராணி சொல்கிறாள், அக்கா கேட்டது மூக்குக்கண்ணாடியை என்று. பிருந்தா சொல்வதும் அதுதான். நான் சொல்வதைக் கேளுங்கள். எங்கள் வீட்டில் அதற்கு மூக்குக்கண்ணாடி என்றுதான் பெயர். அலமாரிக் கதவில் இருப்பது முகம் பார்க்கிற கண்ணாடி. வெறும் கண்ணாடி என்றால் அது என் வேலை. ‘அவருக்குக் கண்ணாடி வேலை இருக்குது’, ‘கண்ணாடி ஆறலையாம்’, இப்படித்தான் அவள் பக்கத்து வீட்டில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இதை இந்திராணியிடம் சொன்னேன். அவள் என்ன சொன்னாள் தெரியுமா?

“ஆஸ்பத்திரியில மூச்சு வாங்கிட்டுக் கெடக்கறவ மூக்குக்கண்ணாடின்னு முழுசாச் சொல்லோணுமாக்கும்? நீங்க நல்லா வக்கீல் கணக்காப் பேசுறீங்க மாமா.”

அவளுக்கு வாய் அதிகம்.

இன்னொன்று. சம்பூரணம் போட்டிருந்தது கண்ணாடியே இல்லை. பிளாஸ்டிக். மைனஸ் ஒன்பது பவர், கண்ணாடியில் செய்தால் மூக்கு தாங்காது என்று கடைக்காரர் பிளாஸ்டிக்தான் போட்டுக் கொடுத்தார். அது இல்லாமல் அவளுக்கு ஒரு முழத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியாது, யார் வந்தாலும் நிழல்தான். ஆனால் பொருள் என்று பார்த்தால் அது பிளாஸ்டிக்தானே. நான் தப்பாகச் சொல்கிறேனா?

சரி. அவள் கேட்டாள். எனக்கு என்ன ஆனது என்று சொல்லத் தெரியவில்லை. ‘கொண்டு வருகிறேன்’ என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். உலையைப் பார்த்தால் ஐம்பத்தெட்டு. நாற்பதுக்குக் கீழே வர இன்னும் ஒரு ராத்திரி ஆகும். நான் ஒரு நாளும் விதியை மீறினவன் இல்லை. என் தம்பி கல்யாணத்துக்குத் தாலி கட்டும் நேரத்துக்குப் போகாமல் டிகிரி எழுதினவன். அன்றைக்குத் திறந்தேன். ஐம்பத்தெட்டில் திறந்தேன். அவள் கேட்டுவிட்டாளே. வேறு யாருக்காகவும் அதைச் செய்திருக்க மாட்டேன். இதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

வெளியே எடுத்துக் கதகதப்பான சாக்குக்குள் வைத்துப் பிளாஸ்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்தேன். குழிக்குள் இருக்கும் பிளாஸ்டரை அவசரப்பட்டு எடுக்க முடியாது. மூக்கு நுனியில் உளி பட்டால் போச்சு. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, வெந்நீரில் கழுவி, துடைத்து, ஒரு துண்டில் சுற்றினேன். நடுவில் இந்திராணி போன் பண்ணினாள்.

“மாமா, எங்கே இருக்கீங்க? அக்கா கேட்டுட்டே இருக்குது.”

“எடுத்துட்டேன். வந்துட்டே இருக்கறேன்.”

“பிருந்தாவும் திருப்பூர்ல பஸ் ஏறிட்டாளாம். அக்காகிட்டச் சொன்னேன். வெரசா வாங்க, அவ வர்றதுக்குள்ள வேணுமாம்.”

பிருந்தா வருவதற்குள் அவள் அதைப் பார்த்துவிட வேண்டும் என்று நினைக்கிறாள், மகளுக்குக் காட்ட வேண்டும் என்று நினைக்கிறாள். அப்படித்தான் எனக்குப் பட்டது. வேறு எப்படிப் படும்?

ஒன்றேகாலுக்குப் போய்ச் சேர்ந்தேன். துண்டைப் பிரித்து அவள் மடியில் வைத்தேன். மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. நர்ஸ், “என்ன சார் இது, பேஷண்ட் மேலே கல்லைத் தூக்கி வைக்கறீங்க?” என்று சத்தம் போட்டாள். கல் இல்லைம்மா, கண்ணாடி என்றேன். இந்திராணி குனிந்து இரண்டு கையாலும் அடியில் தாங்கிக்கொண்டாள், அக்காவின் வயிற்றில் கனம் இறங்காமல். அவள் முதுகு கதவுப் பக்கம்.

சம்பூரணம் அதை இரண்டு கையாலும் தடவினாள். பிறகு தூக்கப் பார்த்தாள். இந்திராணி கூடச் சேர்ந்து தூக்கினாள். சம்பூரணம் அதை முகத்துக்கு நேரே, கண்ணுக்கு ஒட்டின மாதிரி வைத்துக்கொண்டாள். திருப்பிப் பார்க்கவில்லை. குழியைத் தொடவில்லை. ஜன்னல் பக்கத்தைக் கண்ணில் வைத்து அதன் வழியாகப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அந்த மாதிரி என் வேலையைப் பார்த்தவர் யாரும் இல்லை. நீங்கள்கூட நாலு செகண்டுதான் பார்த்தீர்கள், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பார்த்துக்கொண்டே, “யாருங்க அது?” என்று கேட்டாள்.

யாருங்க அது. முகத்தைக் கண்டுபிடித்துவிட்டாள் பாருங்கள். பள்ளம் மேடாகத் தெரிந்திருக்கிறது.

நான், “யாருமில்ல. சும்மா ஒரு முகம்” என்றேன்.

பிருந்தா அப்போது கதவில் நின்றுகொண்டிருந்தாளாம். நான் பார்க்கவில்லை. அதாவது, யாரோ நின்றது தெரியும், ஆஸ்பத்திரியில் யாராவது நின்றுகொண்டுதானே இருப்பார்கள். நான் சம்பூரணத்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவளுக்குப் பிடித்திருக்கிறதா என்று. கண்ணாடி நடுவில் இருந்ததால் அவள் முகம் சரியாகத் தெரியவில்லை.

பஸ் ஸ்டாண்டிலிருந்து அழுதுகொண்டே வந்தவள், துப்பட்டாவை வாயில் பொத்திக்கொண்டு கதவில் நின்றிருக்கிறாள். அழுத முகத்தோடு அம்மா முன்னால் போகக் கூடாது என்று நினைத்தாளாம். அம்மா தன் பக்கமாகப் பார்த்து யார் அது என்று கேட்டது அவளுக்குக் கேட்டிருக்கிறது. நான் சொன்னதும் கேட்டிருக்கிறது. நான்தாம்மா என்று சொல்ல வாய் வரவில்லை என்கிறாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாலு அடி தூரம். அதற்கு நான் என்ன செய்ய முடியும்? சொல்லாமல் திரும்பிப் போய்விட்டாள். கீழே போய் வீட்டுக்கு ஆட்டோ பிடித்து, ஆட்டோவிலிருந்து இந்திராணிக்குப் போன் பண்ணியிருக்கிறாள்.

இந்திராணி காதில் போனை வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். “மாமா, அக்கா கண்ணாடி எங்கே வெச்சீங்க?”

“இதோ இருக்குதே” என்றேன்.

“ஐயோ, அதில்லீங்க மாமா! கண்ணுக்குப் போடுற கண்ணாடி!”

“மூக்குக்கண்ணாடியா? ஷெட்டு அலமாரியில, ஒரு கவர்ல இருக்குது. அது எதுக்கு இப்ப?”

அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. விடுங்கள்.

சம்பூரணம் கையைக் கீழே இறக்கினாள். “கனமா இருக்குது. எடுத்துக்குங்க” என்றாள். எடுத்துக்கொண்டேன். கனம் என்றாள் பாருங்கள். முப்பத்தொரு வருடமாக ஐஸ் கட்டி என்றவள். எங்கள் தொழிலில் ஒரு வார்ப்புக்கு அதைவிட நல்ல வார்த்தை கிடையாது. நான் அதைத் துண்டில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

அதன் பிறகு பேசவில்லை. இரண்டேகாலுக்கு மூச்சு வேறு மாதிரி ஆனது. உள்ளே கொண்டுபோனார்கள். பிருந்தா மூன்று மணிக்கு வந்தாள். கணபதியில் ரயில்வே கேட் போட்டுவிட்டார்களாம். கையில் அந்தக் கவர் இருந்தது. மூன்று ஐந்துக்கு டாக்டர் வெளியே வந்து சொன்னார்.

டீ வந்திருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை தனியாக இருக்கிறது.

வீட்டில் கிடத்தியபோது பிருந்தா அந்த மூக்குக்கண்ணாடியை எடுத்துச் சம்பூரணத்துக்குப் போட்டுவிட்டாள். பெரியவர்கள் எடுக்கச் சொன்னார்கள். அவள் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு, யாரையும் தொட விடவில்லை. “எங்கம்மாவுக்குத் தெரியணும்” என்றாள். அதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னாள். அதோடுதான் கொண்டுபோனோம். எனக்கு அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை, அது ஒரு குறையா என்று தெரியவில்லை. மறுநாள் காலையில் ஷெட்டுக்கு வந்து நோட்டைப் பிரித்தேன். பழக்கம். எழுத ஒன்றும் இல்லை. உலை காலியாக இருந்தது, முப்பத்தொரு டிகிரி.

பிருந்தா பொங்கலுக்கு வருவாள், திதிக்கு வருவாள். இரண்டு பையன்கள் அவளுக்கு. எனக்குப் பழம் வாங்கி வருவாள், மாத்திரை சாப்பிட்டீங்களா என்று கேட்பாள். ஷெட்டுக்குள் மட்டும் வர மாட்டாள். பையன்களையும் விட மாட்டாள். அம்மா மாதிரியே வாசலில் நிற்பாள். ஆனால் ஐஸ் கட்டி என்றெல்லாம் கேட்க மாட்டாள். ஒன்றும் கேட்க மாட்டாள்.

நீங்கள் கடிதம் போட்டதும் அவளுக்குப் போன் பண்ணினேன். முதல் கண்காட்சி, இந்த வயதில். எனக்கு வேறு யாரிடம் சொல்வதென்று தெரியவில்லை.

“நல்லதுப்பா. நான் பசங்களக் கூட்டிட்டு வர்றேன். சென்னைதானே, ரயில்ல வந்துடலாம்” என்றாள். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. பிறகு, “எதெல்லாம் வெக்கறாங்க?” என்று கேட்டாள். சொன்னேன். பெயரையும் சொன்னேன்.

இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

“அந்தப் பேரு வேண்டாம்ப்பா.”

“அவ கேட்டா அம்மிணி. என் காதுல கேட்டேன்.”

“அம்மா கண்ணாடி கேட்டது என்னையப் பாக்கறதுக்கு. நான் வர்றேன்னு சித்தி சொன்னாங்கல்ல? கேட்டது அதுக்குத்தான். நீங்க அதை சீட்டுல எழுதிச் சுவத்துல ஒட்டி, நாலு பேரு படிச்சு ஆகா ஓகோன்னு சொல்லி... நான் அங்க வந்து நிக்கோணுமா? அந்தப் பேரு இருந்துச்சுன்னா நான் படி ஏற மாட்டேன். பசங்களும் வர மாட்டாங்க.”

“அவ ஏற்கெனவே காலைல பத்து மணிக்கே கேட்டுட்டாளே. நீ பஸ் ஏறினது அப்புறந்தானே?”

“நான் கெளம்பறேன்னு ஏழு மணிக்கே அம்மாகிட்டப் பேசிட்டேன்ப்பா” என்றாள். வைத்துவிட்டாள்.

ஏழு மணிக்குப் பேசினது எனக்குத் தெரியாது. ஏழு மணிக்கு நான் இங்கே இருந்தேன். அறுபத்தாறு டிகிரி.

சார், நான் பிடிவாதக்காரன் இல்லை. அந்தப் பெயரை எடுத்துவிட்டால் என்ன மிச்சம் என்று பார்க்கிறேன். ஒரு வீட்டில் ஒருத்தி முப்பத்தொரு வருடம் இருந்தாள், பக்கத்தில் ஒருவன் கண்ணாடி வார்த்துக்கொண்டிருந்தான், அவள் ஒரு முறைகூடக் கேட்கவில்லை. அதுதான் மிச்சம். அந்த ஒரு முறை இருந்தால் வேறு மாதிரி. ஒரு முறை போதும் எனக்கு. இரண்டு முறை கேட்டாள் என்று நான் சொல்லவில்லையே.

ஆனால் பிருந்தா வர வேண்டும். அந்தப் பையன்கள் நான் என்ன செய்கிறேன் என்று பார்த்ததே இல்லை.

யோசித்து ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். ‘சம்பூரணம் கேட்ட’ என்பதை அழித்துவிடுங்கள். ரப்பர் அந்த டப்பாவில் இருக்கிறது. ‘கண்ணாடி’ என்று மட்டும் விடுங்கள். அவ்வளவுதான். பிருந்தா படித்தால் அவளுக்கு அது மூக்குக்கண்ணாடி. நான் படித்தால் எனக்கு இது. யாரும் யாரிடமும் தோற்க வேண்டாம். நல்ல வழிதானே? ஒரு வாரம் யோசித்தேன்.

என்ன? அதற்குக் கீழே இன்னொரு கோடு இருக்கிறதா? நான் கவனிக்கவில்லை. இங்கிலீஷிலும் போட வேண்டுமா? கண்ணாடி என்றே இங்கிலீஷ் எழுத்தில் போட்டால்? அர்த்தம் கேட்பார்கள். சரி, கேட்பார்கள்.

கிளாஸ் என்று போட்டால் அது இந்தப் பொருள். அது எனக்குத் தெரியும், என் புத்தகங்கள் எல்லாம் அந்தப் பெயரில்தான். முகம் பார்ப்பதற்கு மிரர். மூக்குக்கண்ணாடிக்கு? கிளாஸஸ். அதே வார்த்தைதானா. கடைசியில் இரண்டு எழுத்து கூட, அவ்வளவுதானா. இரண்டையும் சேர்த்துச் சொல்லும்படி அந்தப் பாஷையில் ஒன்று இல்லையா? எங்கள் வீட்டில் ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு முப்பத்தொரு வருடம் குடித்தனம் செய்தோம்.

இல்லை என்றால் இல்லைதான்.

நீங்கள் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறீர்கள். சொல்கிறேன், இருங்கள். பிருந்தா பேங்கில் வேலை பார்க்கிறாள், எதையும் இங்கிலீஷில்தான் முதலில் படிப்பாள். அதற்காகச் சொல்லவில்லை. இன்னொன்று இருக்கிறது. இந்திராணியிடம் சொன்னதில்லை. பிருந்தாவிடமும் சொன்னதில்லை. அன்றைக்கு ஷெட்டில் உளியை எடுக்கப் போனேன் பாருங்கள், அந்தக் கவர் அலமாரியில் உளிகளின்மேல் இருந்தது. வளையல் சத்தம் கேட்டது. மூக்குக்கண்ணாடி மேலாகவே தெரிந்தது. நான் அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுத்தான் உளியை எடுத்தேன். கையில் எடுத்தேன் சார். ஓரமாக வைத்தேன்.

அந்த இரண்டு எழுத்தையும் சேர்த்தே போட்டுவிடுங்கள்.

அழுத்தமாக எழுதுங்கள், தேய்ந்துவிடக் கூடாது. மேலே தமிழில் மிச்சமிருக்கும் ‘கண்ணாடி’யைத் தொட வேண்டாம். அது அவள் கேட்டபடியே இருக்கட்டும்.